பிறவி வீரன், பிறவித் திருடன்

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் கொல்லிமலையின் சோளக்காடு. சந்தை நாளில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும், பருவத்தில் பலாப்பழமும் லாரி ஏறுகிற ஊர். சந்தை கூடுவதற்கு வெகு முன்பே, பனி இன்னும் கலையாத நேரத்தில், செம்மேட்டுச் சாலையில் பையன்கள் ஓடுகிறார்கள். சாலையோரக் கல் ஒன்றின் மேல் செல்போனை நிறுத்தி வைத்து அதில் நேரம் பார்க்கிறார்கள். 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண்ணான 60 கிடைக்கும். கம்பியைப் பிடித்துப் பத்து முறை உடம்பை மேலே தூக்கினால் 40. இவை போக, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டவும் வேண்டும். ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு உடற்தேர்வின் கணக்கு இது. இந்தக் கணக்கு அங்கே பத்தொன்பது வயதுப் பையன்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"இங்க ஏத்தத்துல ஓடிப் பழகினவனுக்குக் கீழ சமதரையில மூச்சே வாங்காதுங்க சார்" என்றான் ஒருவன். அப்படியென்றால் எதற்குத்தான் பயம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்டேஷன்ல பேரு ஏறாம இருக்கணும், அவ்வளவுதாங்க" என்றான். அவன் சித்தப்பா மீது உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு வழக்கு இருக்கிறது. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டுகிறது என்பதற்காக வைத்திருந்த துப்பாக்கி. அந்த வழக்கு சித்தப்பாவுடையது, இவனுடையது அல்ல. சட்டப்படி இவன் ஆள்சேர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நன்னடத்தைச் சான்றுக்குப் போகும்போது, "எந்த ஊரு, யாரு வீடு?" என்ற கேள்வியிலேயே தன் கதை முடிந்துவிடுமோ என்று அவன் பயப்படுகிறான்.

பட்டாளத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் அந்தப் பையன் நிற்கிற இடம் இன்று நேற்று உண்டானதல்ல. இந்த இரண்டு வாசல்களும் வெள்ளைக்காரர் காலத்தில், கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில், ஒரே நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டவை. வீரம் சிலருக்கு ரத்தத்தில் வருகிறது, திருட்டும் சிலருக்கு ரத்தத்தில் வருகிறது என்பதே அந்த நம்பிக்கை. அதை வைத்து அரசாங்கம் இரண்டு பட்டியல்கள் போட்டது. ஒன்றில் பெயர் இருந்தால் சீருடை, மற்றதில் பெயர் இருந்தால் கைரேகை.

முதல் பட்டியலைப் பற்றிப் பேசும்போது ஃபிரெடெரிக் ராபர்ட்ஸை விட்டுவிட முடியாது. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி. பிறகு 1893 வரை இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி. தெற்கத்திச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லாதவனாகிவிட்டான், வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள இனங்களே போர்க்குணம் கொண்டவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1897-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் அதை எழுதியும் வைத்தார். கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைக் காத்ததும், வெலிங்டன் அசாயேயில் மராத்தியரை வென்றதும் சென்னைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டுதான். அந்தச் சிப்பாய்களில் பறையர் கணிசமான எண்ணிக்கையில் இருந்தார்கள். அதெல்லாம் ராபர்ட்ஸின் கணக்கில் நிற்கவில்லை. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920-கள் முடிவதற்குள் வழக்கமான காலாட்படை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியியல் படை மட்டும் தப்பியது. பாலம் கட்டவும் பாதை போடவும் ஆள் வேண்டியிருந்ததே!

மேலே இருக்கிறவர் ஒருவர் உன் இனத்துக்கு வீரம் இல்லை என்று எழுதிவிட்டால் அதற்கு மறுப்பு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த எழுத்தே ஆள்சேர்ப்பு விதியாகிவிடுகிறது. விதி வந்தபின் ஆட்கள் பட்டாளத்தில் இல்லாமல் போகிறார்கள். பட்டாளத்தில் அவர்கள் இல்லாததையே காட்டி, பார், இவர்களுக்கு வீரம் இல்லை என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோதுதான் இது உடைந்தது. 1940-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. போருக்கு அதிகமாக ஆள் தந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்றாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு மாகாணத்து மக்களின் ரத்தம் மாறிவிடவில்லை. மாறியது அரசாங்கத்தின் தேவை.

இரண்டாவது பட்டியல் இதைவிடக் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது. 1911-இல் விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்குள்ளும் நுழைந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பட்டியலில் ஏற்றப்பட்ட சாதியில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடியதற்காக அல்ல, அந்த வீட்டில் பிறந்ததற்காக. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. நம் சேலம் பக்கத்துக் குறவர்கள் இந்தச் சட்டத்தால் பட்டது தனிக் கதை. உப்பும் தானியமும் மாடுகளின் மேல் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்களின் பிழைப்பை ரயிலும் உப்புச் சட்டமும் பறித்தன. பிழைப்பு போனபின் அவர்கள் அலைந்ததையே குற்றமாகப் பதிந்தார்கள்.

இரண்டு பட்டியல்களுக்கும் ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களில் எட்கர் தர்ஸ்டனும் ஒருவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் அவருடையதுதான். இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அவர் மண்டையையும் மூக்கையும் அளந்தார். காவல் துறையினருக்கு உடலளவு எடுக்கும் கலையையும் சொல்லிக் கொடுத்தார். அளந்து பார்த்தே ஒரு கூட்டத்தின் குணத்தைச் சொல்லிவிட முடியும் என்று படித்தவர்கள் நம்பிய காலம் அது. சோளக்காட்டுப் பையனின் மார்பை இன்றும் அளக்கிறார்கள். 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். இந்த அளவு இவனால் மலையேற முடியுமா, சுமை தூக்க முடியுமா என்பதை மட்டும் சொல்கிறது. இவன் பாட்டன் யார் என்பதைச் சொல்வதில்லை. அளவுநாடா அப்போதும் இப்போதும் அளவுநாடாதான். அதை வைத்துக் கேட்கிற கேள்வி மாறியிருக்கிறது. ஒரு நூற்றாண்டில் நாம் கடந்த தூரத்தில் எனக்கு மிகவும் பெருமை தருவது இந்த மாற்றம்.

இந்த மாற்றத்தின் ஒரு பகுதி நம் நாமக்கல் மாவட்டத்து வீடு ஒன்றிலேயே நடந்தது. மலையிறங்கி ராசிபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம். அந்த ஊர் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் காவல் துறையைக் கவனித்தார். அந்த ஆண்டுதான் சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி ஆகியோர் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது. சுப்பராயனின் மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் பீரங்கிப் படை அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டு டி.எஸ்.ஓ. விருது பெற்றவர், போர்க் கைதியாகவும் இருந்தவர். 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் இல்லை என்று ராபர்ட்ஸ் எழுதியதற்கு, ராபர்ட்ஸ் வகித்த பொறுப்பின் வழிவந்த பதவியிலிருந்தே பதில் கிடைத்தது.

ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளை ஈட்டனில் படித்து ஜெனரலானதை வைத்து மலைவாசிப் பையனுக்கும் கதவு திறந்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அவருக்கு அந்தக் கதவு வேறு வகையில் திறந்தே இருந்தது. சாதாரண ஆட்களுக்குத் திறந்தது மெல்லத்தான். சுதந்திரத்துக்குப் பின் ஆள்சேர்ப்பில் சாதி பார்ப்பதில்லை என்று அரசு அறிவித்தது. ஆனால் சீக்கிய, ஜாட், ராஜபுத்திர ரெஜிமெண்டுகள் பழைய பெயரோடும் பழைய சேர்க்கையோடும் தொடர்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் இன்றும் குறிப்பிட்ட சில சமூகத்தாருக்கே இடம். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி மையம் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் இந்த விஷயத்தில் முன்னே நிற்கிறது. தமிழன், கேரளத்து மலையாளி, தெலுங்கன், கன்னடன், எந்தச் சாதியானாலும் ஒரே கம்பெனியில் நிற்கிறான். போர்க்களத்தில் ஒற்றுமைக்கு ஒரே சாதி அவசியம் என்கிறவர்கள் வெலிங்டனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பட்டாளம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. காவல் நிலையமும் செய்தித்தாளும் இந்த அளவுக்கு வரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

சோளக்காட்டு மலையாளிப் பழங்குடியினருக்கும் சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது மலைகளின் மலையாளிகளுக்கும் பழங்குடிச் சான்றிதழில் ஒரே பெயர்தான். 1992 ஜூன் 20 அன்று சித்தேரி அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. கிணற்றில் டீசல் ஊற்றப்பட்டது. கைதானவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வெளியே போன செய்தியோ, சந்தனமரக் கடத்தல்காரர்கள் மீது அதிரடி நடவடிக்கை என்பது. அந்த ஒற்றைச் சொல்லை உடைக்க மார்க்சிஸ்ட் கட்சியும் பழங்குடி மக்கள் சங்கமும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது, சி.பி.ஐ. வர வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஒரு பொய்யான பெயர் ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். அது உரிந்து விழ முப்பத்தொரு ஆண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றபோதும் முதல் நாள் தலைப்பு "செம்மரக் கடத்தல்காரர்கள்". இறந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைக்காரர்கள் அவர்களில் அதிகம். பேருந்திலிருந்தே பிடித்து இறக்கினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னது பிறகுதான் வெளியே வந்தது. கோடாரி பிடித்தவன் கூலி. மரத்தை விற்றுக் கோடி பார்ப்பவன் எங்கோ நகரத்தில் இருக்கிறான். அவனுக்கு எந்தச் செய்தித்தாளும் இனப்பெயர் ஒட்டியதில்லை.

கொல்லிமலையும் இதற்கு விலக்கல்ல. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் தொலைபேசி உரையாடல் வெளியாகிக் குழந்தை விற்பனை வழக்கு வெடித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்த வழக்கு. குழந்தைகளை வாங்கி விற்றவர்கள் தரகர்கள். வாங்கியவர்கள் பணம் படைத்தவர்கள். ஆனால் ஒரு மாதம் முழுக்கத் திரையில் ஓடியது மலையின் பெயர். நாட்டுத் துப்பாக்கிச் செய்திகளும் இதே ரகம். துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவிக்கிறது, அதுவும் நல்ல முயற்சிதான். செய்தியில் அது "கொல்லிமலையில் குவியும் கள்ளத் துப்பாக்கிகள்" என்று ஆகிவிடுகிறது. முன்பு மலைக்குத் தினத்தாள் பேருந்தில் ஏறித் தாமதமாக வரும், டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். இப்போது சந்தையில் வாழைத்தாருக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறவர் கையிலேயே, அவர் ஊரைப் பற்றி யாரோ இட்ட தலைப்பு அடுத்த நிமிடம் வந்து விழுகிறது. குற்றச் செய்தியில் ஆளின் சாதியை எழுதுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறி. அது ஏட்டோடு நிற்கிறது.

அமெரிக்காவில் இதே வாதம் இன்று வேறு உடையில் நடக்கிறது. 2022-இல் அங்கே தரைப்படை அறுபதாயிரம் பேரைச் சேர்க்க முயன்று சுமார் பதினைந்தாயிரம் குறைவாகவே சேர்த்தது. பழமைவாதக் கருத்தாளர்கள் பலர் காரணத்தைத் தேடிப் போன இடம், ராணுவத்தில் இன வேற்றுமை பற்றி நடத்தப்பட்ட வகுப்புகள். வழக்கமாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் வெள்ளைக் குடும்பங்கள் மனம் விட்டுவிட்டன என்றார்கள். ராணுவத்தின் கணக்கோ வேறு. உடல் எடை, போதைப் பழக்கம், படிப்பு, பழைய வழக்கு இவற்றையெல்லாம் தாண்டி நேரடியாகச் சேர அப்போது தகுதி பெற்ற இளைஞர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். வெளியே நல்ல சம்பளத்தில் வேலையும் கிடைத்தது. அதே கருத்தாளர்கள் குற்றத்தைப் பேசும்போது கறுப்பினத்தாரின் கைது எண்ணிக்கையைக் காட்டி, ஊடகம் இதை மறைக்கிறது என்கிறார்கள். வீரத்துக்கும் இனம், குற்றத்துக்கும் இனம். ராபர்ட்ஸும் தர்ஸ்டனும் இங்கே எழுதிய இரண்டு பட்டியல்கள்தான் அவை.

அவர்கள் சொல்வதில் நான் ஏற்பது ஒன்று உண்டு. குற்றம் உண்மை, அதில் அடிபடுகிறவன் பெரும்பாலும் ஏழை. மிளகு விற்ற காசைப் பறிகொடுத்தவருக்குச் சமூகவியல் வேண்டாம், போலீஸ் வேண்டும். சட்டம் ஒழுங்கைப் பேசுகிறவரை எல்லாம் பிற்போக்காளர் என்று தள்ளிவிடுவது அந்த ஏழைக்குச் செய்கிற துரோகம். ஆனால் சட்டம் ஒழுங்கு என்றால், செய்தவனைப் பிடிப்பது. அவன் ஊரையும் இனத்தையும் பிடிப்பது சட்டமும் அல்ல, ஒழுங்கும் அல்ல. கொல்லிமலையை ஆண்ட வில்லாளன் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை வைத்து, ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறோம், வில்வித்தைப் போட்டி நடத்துகிறோம். அந்த மலையின் வீரத்தை விழாவுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டு, விழா முடிந்ததும் அங்கிருந்து வருகிறவனைச் சந்தேகக் கண்ணால் பார்ப்பது நியாயமா?

இந்தச் சந்தேகத்துக்கு விலை இப்போது கூடியிருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று, அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுச் சேவை, முதலாண்டு மாதம் முப்பதாயிரம் ரூபாய், முடிவில் சுமார் 11.71 லட்சம் சேவை நிதி. நூறில் இருபத்தைந்து பேருக்கு மட்டுமே படையில் நிரந்தர இடம். பீகாரிலும் செகந்திராபாத்திலும் இளைஞர்கள் ரயிலைக் கொளுத்தினார்கள். சில நாட்களிலேயே ராணுவம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்கு பதிவானவனுக்கு இங்கே இடமில்லை, காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமல் யாரும் சேர முடியாது. கலவரக்காரனைத் தள்ளிவைப்பது சரியே. ஆனால் இந்த விதி எந்த ஊரில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். நகரத்துப் பையன் சிக்னலைத் தாண்டினால் அபராதத்தோடு போகும். காட்டோரத்துப் பையன் விறகோடு பிடிபட்டால் வனத்துறை வழக்கு. தவறு கிட்டத்தட்ட ஒரே எடை, ஒருவனுக்கு மட்டும் பட்டாளம் போய்விடுகிறது.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. வழக்குத் தொடுத்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாக நடத்தும் விதிகளையும் நீதிமன்றம் ரத்துசெய்தது. பெயர் ஒட்டுகிற தொழிலில் இருப்பவர்களுள் ஒருவரே அந்தப் பெயரை உரிக்கவும் போனார் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

தரைப்படையின் முதல் அக்னிவீர் அணி பயிற்சிக்குப் போனது 2023-இன் தொடக்கத்தில். அவர்களின் நான்கு ஆண்டு 2027-இல் முடிகிறது. முக்கால்வாசிப் பேர் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஊர் திரும்புவார்கள். துப்பாக்கி சுடவும் கட்டுப்பாட்டோடு நடக்கவும் அரசே பயிற்சி கொடுத்து அனுப்பிய பிள்ளைகள். கொல்லிமலைக்குத் திரும்புகிறவர்களுக்கு வனத்துறைக் காவலர் வேலையிலும் மலையின் காவல் நிலையங்களிலும் இடம் ஒதுக்க வேண்டும். இந்த மலையைத் தெரிந்தவன், இந்த மக்களின் பெயரைத் தெரிந்தவன் சரிபார்ப்பு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரட்டும். அரசாணை போடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. போட வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.